யாருடைய கைவேலை?

டிசம்பர் வந்தால் எர்ணாகுளம் பிராட்வேயில் காகித நட்சத்திரங்களுக்கு அருகே ஜிகினாத்தூளும் வண்ணத்தாளும் பசையும் விற்பனையாகின்றன. மழலையர் பள்ளி ‘குழந்தையே செய்த பரிசு’ கேட்டதற்காக அவற்றை வாங்குவோரும் உண்டு.

இரண்டு வயதுக் குழந்தையால் கோட்டின்மேல் வெட்ட இயலாது. வெட்டுபவளும் ஒட்டுபவளும் பெரும்பாலும் தாயே. குழந்தையின் பங்கு ஒரு கைத்தடம். ஊதியமற்ற அவ்வுழைப்பை மறைத்து, அதற்குப் ‘படைப்பாற்றல்’ என்று பெயரிடுவது பொய். கல்வியியல் கலைச்சொற்களால் அதனை நியாயப்படுத்துவது அதனினும் பெரிய பொய்.

1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் மழலையர் கல்வியைத் தொடங்கிய ஃப்ரோபெல், தாம் வகுத்த விளையாட்டுப் பொருள்களைப் ‘பரிசுகள்’ என்றே அழைத்தார். முதற்பரிசு நூற்பந்து. கேரளத்தின் ஓலைப்பந்தும் அத்தகையதே: பெரியவர் முடைவார்; குழந்தை உருட்டும், பிய்க்கும். பரிசு குழந்தையை நோக்கிச் சென்றது. இன்று அதன் திசை தலைகீழாகிவிட்டது.

‘விரல்திறன் வளர வேண்டாமா?’ என்பர். வேண்டும். களிமண்ணைப் பிசைவதிலும் தாளைக் கிழிப்பதிலும் அது வளரும். முன்பே வெட்டிவைத்த துண்டைக் காட்டிய இடத்தில் ஒட்டுவது கீழ்ப்படிதற் பயிற்சி, கைவேலை அன்று.

பசை வழியும், இன்னதென்று விளங்காத கிழிந்த தாளைப் பரிசாக ஏற்கப் பள்ளிகள் துணிய வேண்டும். இயலாதெனில், குழந்தைகளிடம் பரிசு கேட்பதையேனும் நிறுத்தட்டும்.