இன்னொரு குதிரை எதற்கு?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தாமிரபருணி கடலோடு கலக்குமிடத்தில் செழித்திருந்த காயல் துறைமுகத்தில் வந்து இறங்கிய சரக்குகளுள் பாண்டியரின் பொக்கிஷத்தை ஓயாமல் கரைத்துக்கொண்டிருந்தது குதிரை. பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் என்னும் வணிகப் பிரபு ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவதென்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலையென்றும், கப்பலில் வரும் வழியிலேயே குதிரை மாண்டுபோனாலும் அதன் கிரயத்தை அரண்மனையே கொடுத்துவிட வேண்டுமென்றும் ஏற்பாடு இருந்ததாகப் பாரசீகச் சரித்திராசிரியர் வஸ்ஸாப் எழுதிவைத்திருக்கிறார். செத்த குதிரைக்கும் பணம் கொடுக்கச் சம்மதிக்கும் வாடிக்கைக்காரரை எந்த வியாபாரிதான் வேண்டாமென்பான்?

அப்படி வந்திறங்கிய குதிரைகள் கரையேறிய பின் என்ன ஆயின என்பதுதான் இன்னும் சுவாரசியமான விஷயம். பச்சைப் புல்லும் பச்சைத் தானியமும் தின்று பழகிய அந்தப் பிராணிகளுக்கு வறுத்த பார்லியும், நெய்யில் புரட்டிய தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, லாயத்தில் முளையடித்துக் கயிற்றால் பிணித்து, நாற்பது நாள் அசையவிடாமல் கொழுக்கவைத்து, அதன் பிறகு யாதொரு பயிற்சியும் அளிக்காமல், அங்கவடிகூட இல்லாமல் வீரர்கள் ஏறி விரட்டியதால், மிக வேகமும் துடிப்பும் உள்ள குதிரைகளும் சொற்ப காலத்தில் சோர்ந்து மந்தமாகிப் பிரயோஜனமற்றுப் போயின என்கிறார் வஸ்ஸாப். அதே காலத்தில் இக்கரையில் இறங்கிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் குதிரைக்குப் போடுவதைக் கண்டதாகச் சொல்கிறார். லாடம் அடிக்கத் தெரிந்தவன் இந்த நாட்டில் ஒருவனும் இல்லையென்றும், குதிரை விற்கும் வணிகர்கள் அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்து சேராமல் பார்த்துக்கொண்டார்களென்றும், ஓர் அரசன் ஆண்டில் வாங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லையென்றும் அவர் எழுதுகிறார். வெளியூர்க்காரர் எழுத்தில் மிகை இருக்கும். ஈரமும் வெப்பமும் மிகுந்த கடற்கரைச் சீதோஷ்ணம் பாலைவனத்துக் குதிரைக்கு ஒவ்வாது என்பதையும், ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கு அன்று மருந்தே கிடையாது என்பதையும் பாண்டியர் பக்கத்து நியாயமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அதே பாரத பூமியில் கத்தியவாரிலும் மார்வாரிலும் பீமா நதிக்கரையிலும் அந்தந்த மண்ணுக்கேற்ற குதிரை இனங்களை மக்கள் வளர்த்தெடுத்திருக்கும்போது, குதிரை நிலைக்கவில்லை என்று கண்ட ஒவ்வோர் ஆண்டும், அதை நிலைக்கவைக்கத் தெரிந்த ஓர் ஆளைத் தேடாமல் இன்னும் ஆயிரம் குதிரைக்குப் பணம் அனுப்பிய செயலை எந்தச் சீதோஷ்ணத்தின்மீதும் பழிபோட்டுத் தப்பிக்க இயலாது.

எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதையை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் குதிரையேற்றம் கற்கும் குடும்பங்கள் பெருகிவரும் இந்நாளில், சொந்தக் குதிரை வாங்கி இரண்டு வருஷம் ஆனதும் அவர்கள் வாயிலிருந்து வருவது, "இது சரிப்பட்டு வரவில்லை, வேறொன்று பார்க்கலாம்" என்ற அதே அரண்மனை யோசனைதான். இருக்கும் குதிரையைத் திருத்திப் பழக்குவதா, புதிதாக ஒன்றை வாங்குவதா என்ற வினாவுக்கு எக்காலத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பது உண்மையே. ஆனால் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் குதிரையில் தேடும் குறை, குதிரையைச் சூழ்ந்திருக்கும் மனிதர்களிடத்தில் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் ஊர்க் குதிரையேற்றப் பள்ளிகளில் நிற்கும் குதிரைகளில் கணிசமானவை பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டவை. இரண்டு வயதிலேயே ஓடப் பழக்கப்பட்ட அந்தக் குதிரைக்கு, வாயில் கிடக்கும் கடிவாளம் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு மேலும் விரைவது என்பதே கற்றுக்கொடுத்த பாடம். ஜாக்கி லகானைக் குறுக்கிப் பிடிப்பதும் அதற்காகத்தான். இதை அறியாத புதியவர் ஒருவர் அதன்மேல் ஏறி, சற்று வேகமெடுத்ததும் கலவரமடைந்து லகானை இழுக்கிறார். குதிரை, தான் கற்றதை மறவாத நல்ல மாணாக்கனாக, இன்னும் விரைகிறது. அவர் இன்னும் இழுக்கிறார். மைதானத்தை நாலு சுற்று சுற்றிக் கடைசியில் வேலியோரத்தில் எப்படியோ நின்றதும், இறங்கியவர் சொல்லும் முதல் வார்த்தை, "முரட்டுக் குதிரை." உடம்பின் பாரத்தைப் பின்னுக்கு வாங்கி, மூச்சைத் தளர்த்தி, லகானை இறுக்கிப் பின் விட்டு மீண்டும் இறுக்கி நிற்கப் பழக்குவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும், அதைச் சொல்லித்தர ஓர் ஆசிரியரும் வேண்டும். அதற்குச் செலவிட மனமில்லாதவர் குதிரையை விற்றுவிட்டு இன்னொன்றை வாங்குகிறார். வாங்கப்படுவதும் பெரும்பாலும் மற்றொரு பந்தயக் குதிரையே.

தடை தாண்ட மறுக்கும் குதிரையின் சங்கதியும் இதுதான். சேணத்தை இறக்கியவுடன் அதன் முதுகைப் பார்க்கும் வழக்கம் எத்தனை பேருக்கு உண்டு? வியர்வையில் நனைந்த முதுகில் உள்ளங்கையகலம் ஈரமே படாமல் ஓரிடம் உலர்ந்திருந்தால், அந்த இடத்தில் சேணம் அளவுக்கு மீறி அழுத்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பிடரி மயிர் முடியுமிடத்து மேட்டின் இருபுறமும், கறுத்த குதிரைக்குக்கூட, வெள்ளை மயிர் திட்டாக முளைத்திருந்தால், அந்த அழுத்தம் நெடுநாளாக நடந்துவருகிறது என்று அர்த்தம். கடைவாய்ப் பற்களின் விளிம்பு கூராகிக் கன்னத்தை அறுப்பது, ஆறேழு வாரத்துக்கொரு முறை சீர்செய்ய வேண்டிய குளம்பை மூன்று மாதம் வளரவிட்டுக் கணுக்கால் தசைநாணை வருத்துவது, ஏறுபவர் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்து குதிரையையும் ஒரு பக்கமாக வளைத்துவிடுவது ஆகிய இவையெல்லாம் குதிரை தன் வாயால் சொல்ல இயலாத வருத்தங்கள். இவற்றோடு நிற்கும் குதிரையைப் பிடிவாதமுள்ளது என்று தள்ளிவிட்டு வேறொன்றை வாங்கினால், அதே சேணம் அடுத்த முதுகின்மேல் ஏறும். அதே குளம்புகாரர் அதே மூன்றாம் மாதத்தில் வருவார்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குப் போனவர்கள், நம் நாட்டார் குதிரையைப் பரீட்சிக்கும் அழகைக் கண்டிருப்பார்கள். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து வயதை மதிப்பிடுவார்கள். நெற்றியிலும் மார்பிலும் விலாவிலும் சுழிகளை விரல் வைத்து எண்ணி இது ராஜ சுழி, இது குடிகெடுக்கும் சுழி என்று வாதிடுவார்கள். மேளத்துக்கு ஆடவிட்டு ரசிப்பார்கள். சுழி சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருப்பவரோடு சண்டையும் இல்லை. ஆனால் அவ்வளவு நேரம் சுழி பார்த்த அதே மனிதர், குனிந்து ஒரு காலைத் தூக்கிக் குளம்பின் அடியைப் பார்ப்பதை அபூர்வமாகத்தான் காண முடியும்.

வாங்குவதே கூடாது என்று நான் விரதம் பூண்டிருப்பதாக யாரும் எண்ண வேண்டாம். மூட்டுகள் தேய்ந்த கிழக்குதிரையைத் தடை தாண்டச் சொல்வது பாவம். பத்து வயதில் மட்டக்குதிரை ஏறிய பெண் பதினாறு வயதில் அதன்மேல் காலைத் தொங்கவிட்டால் பூமியைத் தொடும். அப்போது பெரிய குதிரை வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றும் அறியாத மனிதரும் ஒன்றும் அறியாத குதிரையும் ஒருவருக்கொருவர் கற்பிக்கப் புறப்படுவது ஆஸ்பத்திரியில் போய் முடியும். கற்றுக்கொள்ளும் பருவத்தில் இருப்பவருக்கு வேண்டியது, நூறு பேரைச் சுமந்து சலித்து, அவர் செய்யும் பிழையைத் தான் பொறுத்துக்கொள்ளும் பன்னிரண்டு பதினைந்து வயதுக் குதிரையே. ஆகவே வாங்குவதானால், வனப்பைக் கண்டு மயங்காமல், வித்தை அறிந்த கிழட்டு ஆசானை வாங்குவது விவேகம்.

சொந்தப் பெட்டைக்குதிரையிலிருந்து குட்டி எடுத்து வளர்க்கலாமே என்பாரும் உளர். கர்ப்பம் பதினொரு மாதம். குட்டி மூன்று நான்கு வயதாகும் வரை அதன் முதுகில் பாரம் ஏற்றலாகாது. முதுகெலும்பு முற்றிலும் முதிர ஐந்தாறு வயது ஆகும். இத்தனை காலமும் காத்திருந்து, பிறந்தது தாயின் கோணல் காலோடு பிறந்தால் யாரைக் குறை சொல்வது? சவாரிக்கு உதவாதது என்பதற்காகவே ஒரு பெட்டையைச் சினைப்படுத்துவது, குதிரை உலகில் நடக்கும் அநியாயங்களில் மிகவும் சகஜமானது.

உலகத்திலே மிக உயர்ந்த குதிரையை வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? நெதர்லாந்தின் எட்வர்டு கால் என்பவர் பழக்கிய டோட்டிலாஸ் என்னும் கரிய ஆண்குதிரை, டிரெஸ்ஸாஜ் எனப்படும் இசைவுநடைப் போட்டியில் 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்த உலகப் போட்டிகளில் மூன்று தங்கங்களையும் வென்றது. அந்த ஆண்டே ஜெர்மனியின் பவுல் ஷோக்கமூலே அதை வாங்கினார். விலை ஒரு கோடி யூரோவுக்குக் குறையாது என்று பத்திரிகைகள் எழுதின. புதிதாக அதில் ஏறிய மத்தியாஸ் ராத் திறமையற்றவர் அல்லர். ஆயினும் நோயும் காயமும் குறுக்கிட, ஒலிம்பிக் மைதானத்தையே மிதிக்காமல், 2015-ல் ஆஹன் நகரத்தில் எலும்பு வீக்கத்தோடு அந்தக் குதிரை ஓய்வு பெற்றது. கோடி கொடுத்து வாங்கியவருக்கு, கால் என்பவரும் அந்தக் குதிரையும் சேர்ந்து கழித்த நாட்கள் கிடைக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, பிரிட்டனின் கார்ல் ஹெஸ்டர் இளம் குதிரையாக வாங்கி வந்த வலேக்ரோ, அவருடைய லாயத்தில் வேலைக்குச் சேர்ந்த ஷார்லட் டுஜார்டினின் கையில் ஆண்டுக்கணக்கில் பழகி, 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் தனிநபர் தங்கம் வென்றது. அதே டுஜார்டின், ஒரு பயிற்சியின்போது குதிரையின் காலில் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த காட்சி வெளியானதால் 2024 பாரிஸ் போட்டியிலிருந்து விலகி ஓராண்டுத் தடையும் பெற்றார் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பொறுமை தீர்ந்த இடத்தில் பயிற்சி துன்புறுத்தலாகிவிடும். அந்த நிலைக்கு வந்தவர் குதிரையை விற்றுவிடுவதே குதிரைக்குச் செய்யும் உபகாரம்.

நம் தேசத்தின் நிலையைப் பார்ப்போம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்குப் பின் 41 ஆண்டுகள் குதிரையேற்றத்தில் தங்கம் காணாத இந்தியா, 2023-ல் சீனத்தின் ஹாங்சோவில் இசைவுநடைக் குழுப் போட்டியில் தங்கம் பெற்றது. வென்ற நால்வரும் ஐரோப்பாவில் நெடுங்காலம் தங்கி, அங்கே உள்ள குதிரைகளோடு, அங்கே உள்ள ஆசிரியர்களிடம் பயின்றவர்கள். வாங்கிய குதிரைதானே என்று கேட்கலாம். ஹாங்சோவில் எட்ரோவின்மேல் தனிநபர் வெண்கலம் வென்ற அனுஷ் அகர்வாலா, பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சர் காரமெல்லோ என்னும் வேறு குதிரையோடுதானே போனார் என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமே. குதிரை மாறிற்று, பதினேழு வயது முதல் ஜெர்மனியில் அவர் பெற்ற சிக்ஷை மாறவில்லை. இந்தியக் குதிரைகளை அயல்நாட்டுப் போட்டிகளுக்கு அனுப்புவதற்கு நம் நாட்டு நோய்நிலை பெருந்தடையாக இருந்துவந்தது. 2025-ல் மீரட்டில் உள்ள இராணுவக் கால்நடை மருத்துவ மையத்தில் அமைந்த நோயற்ற குதிரை வளாகத்தை உலக விலங்கு சுகாதார அமைப்பு அங்கீகரித்ததால், அந்தக் கதவு சிறிது திறந்திருக்கிறது. இங்கே பழக்கிய குதிரை வெளியே போவதற்கு வழி பிறக்கும் வேளையில், பழக்குகிறவர்கள் இங்கே இருக்கிறார்களா என்பதே அடுத்த கவலை.

ஆகையால், தனிமனிதராயினும் சங்கமாயினும் சர்க்காராயினும், அடுத்த குதிரைக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலில் மனிதர்மேல் செலவிட வேண்டும் என்கிறேன். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை, வேலை செய்தாலும் சும்மா நின்றாலும், நாளொன்றுக்கு எட்டு ஒன்பது கிலோ உலர்தீவனமாவது தின்னும். இரண்டாவது குதிரை அதே அளவு தின்றுகொண்டு, அதே அறியாமைக்கு நடுவே நிற்கப்போகிறது. ஒரு வருஷத்து ஆசிரியர் சம்பளம், முதுகுக்கு அளவெடுத்துச் செய்த சேணம், ஆறு வாரத்துக்கொரு முறை தவறாமல் வரும் லாடக்காரர், ஆண்டுக்கொரு முறை பல்லைப் பார்க்கும் மருத்துவர் ஆகிய நான்கும் வாய்த்து ஓராண்டு கழிந்த பின்னும் குதிரை தேறவில்லையென்றால், அப்போது தாராளமாக வேறொன்று வாங்கட்டும்.

இந்த நான்கில் இன்று எளிதில் அகப்படாதவர் லாடக்காரர். மார்க்கோ போலோ எழுதிய குறை இன்னும் முழுதும் நீங்கவில்லை. ஒசூரில் 1824-ல் பட்டாளத்துக்குக் குதிரை வளர்ப்பதற்கென்றே தொடங்கிய பண்ணை, இன்று கால்நடைப் பண்ணையாக அரசின் வசத்தில் இருக்கிறது. அங்கே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையில் குளம்பு செதுக்குவதற்கும் லாடம் அடிப்பதற்கும் ஓராண்டுப் படிப்பு ஒன்றை ஏற்படுத்தலாம். பரம்பரையாக அத்தொழில் செய்தும் மாட்டு வண்டி மறைந்ததால் பிழைப்பிழந்து நிற்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் முதலிடம் கொடுக்கலாம். செலவு முழுவதையும் அரசே சுமக்க வேண்டியதில்லை. குதிரையேற்றச் சங்கங்கள் பாதியை ஏற்றுக்கொள்ளட்டும். ஐரோப்பாவிலிருந்து இறக்கும் ஒரு குதிரையின் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பத் தொகைதான்.