ரதி கேட்ட நியாயம்



மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். இரவில் தப்புச் சத்தம் கேட்கும். பௌர்ணமியளவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க மன்மதன் எரிவான். ரதி வேஷங்கட்டிய ஆண் ஒப்பாரி வைக்க, பார்த்திருக்கும் பெண்களும் அழுவார்கள்.

"இந்தக் காலத்துக்கு இந்தப் பழங்கதை எதற்கு?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். தவத்தைக் கலைத்தவனுக்குக் கிடைத்த தண்டனை, ஆசையை அடக்கு என்பது பெரியவர்களின் பதில். எனக்கு அது போதவில்லை. மன்மதன் தன் விருப்பத்துக்கா போனான்? சூரபத்மனை அழிக்க சிவகுமாரன் பிறக்க வேண்டுமென்று தேவர்கள் அனுப்பிப் போனவன். அனுப்பியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுத்தெருவில் நின்றவள் ரதி.

தஞ்சாவூர்ப் பக்கம் இதே கதையை லாவணியில் வாதாடுவார்கள். மன்மதன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவில்லை என்பது மறு கட்சி. அங்கே அது விடிய விடிய நடக்கும் விளையாட்டு. 1977, 1983 கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், 2009 வரை அங்கே யுத்தத்தில் அகப்பட்ட குடும்பங்களில் அது விளையாட்டல்ல. கணவர் காணாமற்போனவளிடம் மாமியார், "அவன் வருவான், பொட்டை அழிக்காதே" என்கிறார். அண்ணன், "மரணச் சான்றிதழை எடுத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்" என்கிறார். இரண்டு கட்சியும் அவளுக்காகவே பேசுகின்றன. அவளைத்தான் யாரும் கேட்பதில்லை.

ரதி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எரித்தவரிடமே போய்க் கணவனைக் கேட்டாள். பார்வதி கல்யாணத்துக்குப் பிறகு சிவன் திருப்பிக் கொடுத்தார், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி. இதை நான் ஆறுதலாகச் சொல்லவில்லை. அப்படித் தெரியும் முகத்தோடு வாழ்பவர்கள் உங்களில் பலர். அவள் கேட்டாள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

கேட்பதற்குச் சட்டத்திலும் இப்போது இடமுண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மரணத்தைப் பதிவதே வழியாக இருந்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமலே, ஆள் காணப்படவில்லை என்று சான்றிதழ் பெறலாம் என்றானது. அதை வைத்து உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், அவருடைய சொத்தைப் பராமரிக்கலாம். தேடுவதை நிறுத்த வேண்டியதில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் முறைப்பாடு செய்தவர்கள் இதற்கான அறிக்கையை அங்கேயே கேட்கலாம். பொலிஸில் கொடுத்த பழைய முறைப்பாட்டுத் துண்டு இருந்தால், கசங்கியிருந்தாலும் எறியாதீர்கள்.