நுரையிலும் சாதி உண்டோ?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளில் கோவாவின் விடுதிகள் ஷாம்பெயின் காக்டெயிலைப் பெருமையோடு நீட்டுகின்றன. ஒரு சர்க்கரைக் கட்டி, சில துளி பிட்டர்ஸ், சிறிது பிராந்தி, மேலே குளிர்ந்த ஷாம்பெயின். அதன் பெயர் நாகரிகம். அதே மண்ணில் பிறந்த ஃபெனியின் பெயரோ நாட்டுச் சாராயம்.

இவ்வேறுபாடு எதன்மேல் நிற்கிறது? கைத்திறன் என்றால், தானாக உதிர்ந்த முந்திரிப் பழத்தை மிதித்துப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்து, முதல் வடிப்பில் உர்ராக்கும் மறுவடிப்பில் ஃபெனியும் எடுப்பது எவ்வகையில் தாழ்ந்தது? சட்டம் என்றால், பிரான்சின் ஒரு நிலப்பகுதிக்கே ஷாம்பெயின் என்னும் பெயர் உரியதாவதுபோல, கோவாவின் முந்திரி ஃபெனியும் 2009இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. மணம் நாசியைத் தாக்குகிறது என்பர். பூஞ்சை படர்ந்த பாலாடைக்கட்டியின் வீச்சத்தை ரசனை என்று கொண்டாடுவோர் சொல்லும் குறை இது!

எஞ்சுவது ஒன்றே: செய்பவர் யார் என்னும் கணக்கு. சீமைக் கோமகன் வடித்தால் மது. கோவாவின் சிற்றூர்க்காரர் வடித்தால் சாராயம்.

எலுமிச்சைச் சாறு, உப்பு, கீறிய பச்சை மிளகாய், அளவான ஃபெனி, நிறையச் சோடா. குமிழிகள் இங்கும் எழும். வடிப்போரின் அடுப்பு எரிவது முந்திரி பழுக்கும் சில மாதங்களே. அந்த உழைப்புக்கு உரிய விலை கிட்டாவிடில் அடுத்த தலைமுறை அடுப்பை மூட்டாது. பிறகு 'மரபுப் பானம்' என்னும் பட்டம் வெறும் புட்டியின் மேல் ஒட்டிய தாளாகவே எஞ்சும். விருந்தளிப்போர் மரபைப் போற்றுவது உண்மையானால், அதை விலைப்பட்டியலின் முதல் வரியில் காட்டட்டும்.