ட்ரம் போயிட்டுது என்று யார் சொன்னது?



தவணைப் பரீட்சை நெருங்கினால் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் ஒரு கதை தவறாமல் வரும்: "மெசினில் கோடு விழுது. ட்ரம் போயிட்டுது. மாத்த வேணும்." உடனே பெற்றோரிடம் காசு சேர்ப்பு, இல்லாவிட்டால் வெளிநாட்டிலுள்ள பழைய மாணவருக்கு வட்ஸ்அப் செய்தி. உப்பளத்திலும் கடலிலும் உழைக்கிறவர்களின் காசு அது. ஆகவே வெளிப்படையாகவே சொல்கிறோம். கோடு விழுந்ததும் ட்ரம்மை மாற்றுவது திருத்த வேலை அல்ல. பிழையைத் தேடாமல் காசைக் கொட்டுவது.

ட்ரம் என்பது ஒரு அலுமினியக் குழாய். அதன் மேல் தலைமயிரிலும் மெல்லிய, ஒளிபட்டால் மின்னேற்றத்தை இழக்கும் ஒரு பூச்சு. அதில் ஒட்டும் டோனர்தான் கடதாசிக்குப் போகிறது. மிச்சத்தை ஒரு றப்பர் பிளேட் வழித்தெடுக்கிறது.

கோடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மெக்கானிக் வரத் தேவையில்லை. மேலே தாள் இழுக்கும் பகுதியால் போட்டால் கோடு வருகிறது, கண்ணாடியில் வைத்து எடுத்தால் வரவில்லை என்றால் பக்கத்திலுள்ள ஒடுங்கிய கண்ணாடியில் அழுக்கு. துணியால் துடைத்தால் சரி. இரண்டிலும் நெடுகக் கோடு வந்தால் முதலில் பிளேட்டையும் மின்னேற்றும் பகுதியையும் பாருங்கள். ஒரே புள்ளி ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால் சுழலும் உருளை ஒன்றில் பிழை. 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள ட்ரம் என்றால் அந்த இடைவெளி ஏறத்தாழ 94 மில்லிமீற்றர். அப்போதுதான் ட்ரம்மைச் சந்தேகிக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கீறின ட்ரம்மைத் தேய்த்து மினுக்கித் தருகிறோம் என்பவர்களையும் நம்பாதீர்கள். பூச்சு போனால் போனதுதான், தேய்த்தால் இன்னும் போகும். அதை மாற்றத்தான் வேண்டும். ஒட்டியிருக்கும் டோனரைத் துடைக்கலாம், தேய்ந்த பிளேட்டை மாற்றலாம். கீறலைத் திருத்த ஏலாது. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் இரண்டு பக்கமும் ஏமாறுகிறோம்.

"பரீட்சை நேரத்தில் இதையெல்லாம் பார்க்க எங்கே நேரம்?" என்று கேட்பீர்கள். கண்ணாடியில் ஒரு பிரதி, மேலால் ஒரு பிரதி. இரண்டு நிமிடம் போதும்.

2022 மார்ச்சில் மேல் மாகாணத்திலேயே கடதாசியும் மையும் இல்லாமல் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. இறக்குமதிப் பொருளை நம்பியிருப்பதன் விலை அது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட மண் இது. அந்த மண்ணில் ஒரு றப்பர் பிளேட்டைப் பார்க்காமல் முழு ட்ரம்மையும் குப்பையில் போடுவது வெட்கம். வீண்விரயத்தை எங்கள் மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. எந்தச் சமயம்தான் அதைச் சரி என்கிறது?

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்:

1. காசு சேர்க்க முன் சோதனைப் பிரதிகளைக் காட்ட வேண்டும்.
2. பிளேட்டுக்கு எவ்வளவு, ட்ரம்முக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும்.
3. கழற்றிய பழைய பாகத்தைப் பாடசாலையிடமே ஒப்படைக்க வேண்டும்.
4. மெசினுக்கு உறை போட வேண்டும். சோளகத்தில் புழுதி பறக்கும் ஊர் இது. கழற்றிய ட்ரம்மை வெயிலில் வைக்கவே கூடாது.

ட்ரம் உண்மையிலேயே போயிருந்தால் மாற்றுங்கள், நாங்களும் காசு தருகிறோம். ஆனால் போயிட்டுது என்பதை முதலில் காட்டுங்கள்.