சிரட்டைக்கரியும் ஒலிபெருக்கிப் பெட்டியும்

ஒலிபெருக்கிப் பெட்டியினுள் கரியை இடுவதா என்று நகைப்பாருமுளர். ஆயின் இங்கிலாந்தின் கே.ஈ.எப். நிறுவனத்தார் 2000ஆம் ஆண்டுகளிலேயே இதனைத் தம் விலையுயர்ந்த கருவிகளிற் கையாண்டனர்.

மூடிய பெட்டியுள் அடைபட்ட காற்று விற்சுருள் போலத் தொழிற்படும். கூம்பு உள்ளே அசையுந்தோறும் காற்று நெருக்குண்டு அதனைத் திருப்பித் தள்ளும். 1954இல் அமெரிக்கரான எட்கார் வில்சூர் இவ்விற்சுருளையே துணைக்கொண்டு சிறு பெட்டியில் ஆழ்ந்த ஒலியைப் பிறப்பித்தார். எனினும் பெட்டி மேலுஞ் சிறுத்தால் விறைப்பு மிகும். பரிவு மீடிறன் உயரும். தவிலின் தொப்பிப்பக்க முழக்கம் மெலிந்துபோம். கம்பளியோ பஞ்சோ அடைத்தால் காற்றின் வெப்பநிலை மாறாது காக்கப்படும். அதனால் பெட்டியின் கனவளவு பெருகினாற்போன்ற பயன் கிட்டும். அதுவும் கொள்கையளவில் 1.4 மடங்கைத் தாண்டாது.

ஏவிய கரியின் இயல்பு வேறு. அதன் ஒரு கிராமில் ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் உட்பரப்பு உண்டு. அமுக்கம் ஏறுங்கால் காற்றின் மூலக்கூறுகள் அப்பரப்பில் ஒட்டும், இறங்குங்கால் விடுபடும். புறத்துறிஞ்சல் என நாம் ஏட்டிற் படித்தது இதுவே. அடுப்புக்கரி இதற்கு உதவாது. சுமார் 900 பாகை வெப்பத்தில் நீராவியாற் பதப்படுத்தி நுண்டுளைகளைத் திறத்தல் வேண்டும்.

இலங்கை இத்தொழிலுக்குப் புதிதன்று. ஹேகாப் நிறுவனம் 1973இல் தொடங்கியது. நம் சிரட்டைக்கரி நீரைத் தூய்தாக்கவும் பொன்னைப் பிரித்தெடுக்கவும் கடல் கடந்து செல்கின்றது. நம் ஆய்வுகூடங்களுக்கோ அது அயலானாகவே இருக்கின்றது!

யூபிலிக் காலங்களிற் கல்லூரிகளுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்து, உபயகாரர் பெயரையும் அதிற் பொறித்தல் நம் வழக்கம். அதனை நான் குறைகூறேன். மண்டபத்திற்கு அது வேண்டியதே. ஆயினும் அப்பணத்தில் ஒரு சிறு கூறு பௌதிக ஆய்வுகூடத்திற்குச் செல்லட்டும். மாணவர் ஒரே அளவான இரு பெட்டிகளைச் செய்து, ஒன்றில் மட்டும் உலர்த்திய கரியைத் துணிப்பையிலிட்டு, இரண்டின் பரிவு மீடிறனையும் அளக்கட்டும். பின்னர் அக்கரியை மாரிக்காற்றில் வைத்தெடுத்து மீண்டும் அளந்தால், நீராவி துளைகளை அடைத்துப் பயனைக் குறைப்பதும் புலனாகும். பரீட்சையில் இதற்குப் புள்ளி இல்லையே என்பர் சிலர். புள்ளிக்கு அப்பால் ஒன்றையும் தொடாத மாணவனிடம் எந்தத் தொழிற்சாலை எதனை எதிர்பார்க்கும்?

ஒன்றை மட்டும் ஆசிரியர்கள் கவனிப்பாராக: கரி மின்னைக் கடத்தும். அதன் தூள் கம்பிமுனைகளிலும் சுருளின் இடைவெளியிலும் படாதவாறு பையை நெருக்கமாகத் தைத்தல் வேண்டும்.