விசில் ஊதுகிறவர்

விளையாட்டு ஆசிரியர் என்றால் விசில் ஊதுகிறவர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்கு வாத்தியாருக்குக் காட்டும் மரியாதையில் கால்வாசியைக்கூட அவருக்குக் காட்டுவதில்லை. பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது அவருடைய வகுப்புத்தான்.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிரான பைத்தியம். அங்கே கல்லூரிக் கால்பந்து என்பது காலைவிடக் கையால் அதிகம் ஆடப்படுகிற ஆட்டம். அலபாமா பல்கலைக்கழக மைதானத்தில் சுமார் 1 லட்சம் பேர் உட்காரலாம். அந்தக் குழுவைப் பழக்கி, 2024 ஜனவரியில் ஓய்வு பெற்ற நிக் சேபன், கடைசி ஆண்டுகளில் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்கினார். ஆடி விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளும் மாணவனோ, தன் பெயரை வைத்துக் காசு சம்பாதிக்க 2021 வரை விதி இடம் கொடுக்கவில்லை. இந்த வியாபாரம் நமக்கு வேண்டவே வேண்டாம். ஆனாலும் ஓர் உண்மையை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்: திறமை காட்டுச் செடி போல் தானாக வளர்ந்துவிடாது, அதற்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் வயிறு உண்டு.

நம் புதுக்கோட்டைக்கு வருவோம். கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். முதலமைச்சராயிருந்த கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசளித்தார். நல்ல காரியம். அந்த அநியாயத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் கேட்பது வேறு.

பதக்கத்தைப் பறிக்கலாம், கற்ற வித்தையைப் பறிக்க முடியுமா? அவர் சொந்த மாவட்டத்துக்கே திரும்பி, அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக் கொடுத்தார். அந்த வித்தைக்கு நாம் போட்ட விலை, தற்காலிகப் பயிற்சியாளர் வேலை! வயிறு நிறையவில்லை. 2012-இல் ஆசியாவின் இரண்டாவது ஓட்டக்காரி, நாளுக்கு 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் சூளையில் நின்றார். பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் பெற்றார். நிரந்தர வேலை வந்தது 2016-இல். பத்து ஆண்டுகள்! அதற்குள் ஓட வேண்டிய எத்தனை பிள்ளைகள் ஓடாமலே வளர்ந்துவிட்டார்களோ!

“சோற்றுக்கே திண்டாடுகிறவனுக்குப் பந்தும் ஓட்டமும் எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். வேடிக்கையான கேள்வி. வசதியுள்ள பிள்ளைக்கு டியூஷன் உண்டு, சிபாரிசு உண்டு. சூளைக்காரர் மகளுக்கு இருப்பவை இரண்டு கால்கள். கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடு வைத்திருக்கிறோம். ஆனால் அந்த இடத்தைப் பிடிக்கிற அளவுக்குக் கிராமத்துப் பிள்ளையைத் தேற்றிவிட ஆளை வைத்தோமா? கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டை இடித்த கதை இது.

கல்லூரிகளில் ஓர் உடற்கல்வி இயக்குநர் இருந்தால் போதும் என்பது நம் நினைப்பு. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு அவர் ஒருவர். பந்தயத்துக்கு ஆள் சேர்ப்பதும், சீருடைக்குக் கணக்கு எழுதுவதும், சான்றிதழில் கையெழுத்திடுவதுமாக அவர் பொழுது போய்விடுகிறது. கற்றுக் கொடுப்பது எப்போது?

ஆகவே கோடி டாலர் கேட்கவில்லை. கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கும் நிரந்தர வேலையையும் சம்பளத்தையும் பயிற்சியாளருக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வென்றவர் கழுத்தில் மாலை போடுவது சுலபம். மாலை மறுநாளே வாடிவிடும். அரிசிக்காரர் கணக்கோ மாதா மாதம் வரும்.