கோணல் காசு அபூர்வம் இல்லைங்க

பழைய காசு விக்கிறவங்க இப்போ ‘எரர் காயின்’னு ஒரு வார்த்தையைப் பிடிச்சிருக்காங்க. ராஜராஜன் செப்புக்காசுல உருவம் ஓரமா விழுந்திருந்தா, எழுத்து பாதி வெட்டுப்பட்டிருந்தா, ‘அச்சுப் பிழை, ரொம்ப அபூர்வம்’னு விலையை ஏத்திடுறாங்க. பட்டணத்துல இருந்து படிக்கிற நீங்க இதுல ஏமாறாதீங்க.

அந்தக் காசுல ஒரு பக்கம் நிக்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்துல நாகரி எழுத்துல ‘ஸ்ரீராஜராஜ’. எல்லாம் கையால அடிச்சது. கீழ ஒரு அச்சு, மேல ஒரு அச்சு, நடுவுல செப்பு வில்லை, சம்மட்டியால ஓர் அடி. வில்லை கொஞ்சம் நகர்ந்தாலே உருவம் ஓரத்துக்குப் போயிடும். வில்லையை விட அச்சு பெரிசா இருந்தா எழுத்து முழுசா விழவே விழாது. நகர்ந்த வில்லை மேல ரெண்டாவது அடி விழுந்தா உருவம் ரெட்டையாத் தெரியும். நட்ட நடுவுல, எழுத்து முழுசா விழுந்த காசைத்தான் தேடணும்.

நிஜமாவே வேடிக்கையான தப்பு ஒண்ணு உண்டு. அடிச்ச காசு மேல் அச்சுலயே ஒட்டிக்கும். ஆள் கவனிக்காம அடுத்த வில்லையை வெச்சு அடிச்சிடுவார். ஒட்டின காசே அச்சாகிடும். அப்படி வந்த காசுல ஒரு பக்கம் உருவம் மேடா, சரியா இருக்கும். மறுபக்கம் அதே உருவம் பள்ளமா, இடம் வலம் மாறி இருக்கும். ரோமானியக் காசுலயும் இதைப் பார்க்கலாம். காசு அடிக்கிற இடத்துக்கு அக்கசாலைன்னு பேரு. கொற்கைகிட்ட அந்தப் பேர்லயே ஓர் ஊர் இருக்கு. அங்க வேலை எவ்வளவு அவசரமா ஓடியிருக்கும்னு அந்த ஒரு காசு சொல்லிடும்.

ஒரகடம் கம்பெனியில கோணலா வந்த நட்டைத் தனியாத் தூக்கிப் போட்டுடுவாங்க. அன்னிக்குக் கோணல் காசும் சந்தைக்குப் போச்சு. தேய்ஞ்சு கிடக்கிற கோணல் காசே அதுக்குச் சாட்சி.

‘பிழை’க்கு விலை கூடக் கூட மண்ணைக் கிளர்றவங்களும் கூடுவாங்க, என் கவலை அதுதான். மண்ணூர் பக்கம் கழனி மண்ணை ஜேசிபியால வாரி, மனையை மேடாக்க எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டுறாங்க. அதுல காசு இருந்தா அது எந்த நிலத்துக் காசுன்னு இனிமே யார் சொல்லுவா? கையில சிக்கினதையும் புளி போட்டுத் தேய்ச்சுப் பளபளப்பாக்கிடுறாங்க.

புதையல் சட்டம் 1878-ல வந்தது. 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது மண்ணுல கிடைச்சா கலெக்டருக்குச் சொல்லணும். சர்க்கார் எடுத்துக்கிட்டா உலோகத்தோட மதிப்பும், அதுல 5-ல் 1 பங்கும் சேர்த்துத் தரணும். செப்புக்காசுக்குச் செப்பு விலை! வியாபாரி அதைவிட எத்தனையோ மடங்கு கொடுக்கிறப்போ, எந்தக் கூலிக்காரர் கலெக்டர் ஆபீஸ் படி ஏறுவார்? காசோட பழமைக்கு ஏத்த பணம் கொடுக்கணும்; கிடைச்ச இடத்தையும் அன்னிக்கே எழுதி வைக்கணும்.

அதுவரைக்கும், யாராவது ‘பிழைக் காசு’ காட்டினா எந்த ஊர்ல, எந்த நிலத்துல கிடைச்சதுன்னு கேளுங்க. பதில் இல்லைன்னா வாங்காதீங்க.